உழைப்போரும் இரைப்பு நோயும்

கிராமத்தில் ஒருவருக்கு மூச்சு இரைக்கிறது என்றால், பனிக்காற்று பட்டதால் வந்தது என்பார் சிலர். தந்தைக்கு இருந்தது, மகனுக்கும் வந்துவிட்டது என்பார் சிலர். வாழைப்பழமும் தயிரும் தின்றதே காரணம் என்பாரும் உண்டு. அவர் பகல் முழுவதும் எந்தத் தூசியின் நடுவே நின்று உழைக்கிறார், இரவு முழுவதும் எந்தப் புகையின் நடுவே உறங்குகிறார் என்று கேட்போர் மிகச் சிலரே. ஆயினும் நோயின் வேர் பல வேளைகளில் அங்கேதான் இருக்கிறது.

ஆஸ்துமா எனப்படும் இரைப்பு நோய் குழந்தைப் பருவத்தில் மட்டும் தோன்றும் நோயன்று. நல்ல உடல்வலியோடு உழைத்துவந்தவர்களுக்கு முப்பதிலும் நாற்பதிலும் அது புதிதாக வருவதுண்டு. பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து 2019-ஆம் ஆண்டில் மார்பு நோய் வல்லுநர்கள் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, வயது வந்தோருக்குத் தோன்றும் ஆஸ்துமாவில் 100-க்கு ஏறத்தாழ 16 பங்கு, அவர்கள் செய்யும் தொழிலோடு தொடர்புடையது. அதாவது ஆறு பேரில் ஒருவருக்கு, உழைக்கும் இடமே நோய்க்கு வழிவகுத்திருக்கிறது. இந்நோயை முன்கூட்டியே தடுக்கலாம் என்பதே நாம் கருத்திற்கொள்ள வேண்டிய செய்தியாகும்.

மருத்துவர் கேட்க வேண்டிய கேள்வி

இத்தாலி நாட்டைச் சேர்ந்த பெர்னார்டினோ ரமாஸினி என்னும் மருத்துவர் தொழிலாளர்களின் நோய்களைப் பற்றி 1700-ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். தானியம் சலிப்போரும் மாவு அரைப்போரும் ரொட்டி சுடுவோரும் இருமலாலும் மூச்சுத் திணறலாலும் வருந்துவதை அவர் நேரில் கண்டு அதில் எழுதினார். நோயாளியிடம் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளோடு, “நீர் என்ன தொழில் செய்கிறீர்?” என்ற கேள்வியையும் மருத்துவர்கள் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். முந்நூறு ஆண்டுகள் கழிந்தும் அக்கேள்வி பழையதாகிவிடவில்லை. மருத்துவர் கேட்க மறந்தாலும், நோயாளி தாமாகவே தம் தொழிலைக் கூறுதல் வேண்டும்.

மூச்சுக்குழலில் நிகழ்வது யாது?

நாம் உள்ளிழுக்கும் காற்று, மரத்தின் கிளைகளைப் போலப் பிரிந்து பிரிந்து செல்லும் குழல்களின் வழியாக நுரையீரலை அடைகிறது. இக்குழல்களைச் சுற்றி மெல்லிய தசைகள் உள்ளன. உட்புறத்தில் ஈரமான சவ்வு உள்ளது. ஆஸ்துமா உள்ளவருக்கு இச்சவ்வு வீங்கி, எளிதில் கிளர்ச்சியுறும் நிலையில் இருக்கும். தூசியோ புகையோ பட்டவுடன் தசைகள் இறுகுகின்றன. சவ்வு மேலும் வீங்குகிறது. கெட்டியான சளி சுரந்து வழியை அடைக்கிறது. குறுகிய குழலில் காற்று புகுந்து வெளிவரும்போது சீழ்க்கை போன்ற ஒலி எழுகிறது. மார்பு இறுகுவதும், இரவிலும் விடியற்காலையிலும் இருமல் மிகுவதும் இதனாலேயாம்.

தொழிலிடத்துப் பொருள்கள் இந்நிலையை மூன்று வழிகளில் உண்டாக்குகின்றன.

முதலாவது, ஒவ்வாமை. மாவு, தானியத் தூசி, மரத்தூள், கோழி இறகு போன்ற பொருள்களைச் சில மாதங்களோ சில ஆண்டுகளோ சுவாசித்து வந்தபின் உடல் அப்பொருளைப் பகையாகக் கருதத் தொடங்குகிறது. அதன்பின் அது சிறிதளவு பட்டாலும் இரைப்பு வந்துவிடும். “பத்து ஆண்டுகளாக இதே வேலைதானே செய்கிறேன், இன்று மட்டும் ஏன் வர வேண்டும்?” என்று தொழிலாளி வியப்பதற்கு விடை இதுவே. அந்தப் பத்து ஆண்டுகளில்தான் ஒவ்வாமை சிறுகச் சிறுக விளைந்தது.

இரண்டாவது, கடும் எரிச்சல். குளோரின், அம்மோனியா போன்ற வாயுக்களை ஒரே முறை மிகுதியாகச் சுவாசித்தாலும், மூச்சுக்குழலின் சவ்வு வெந்து புண்ணாகி, அதன்பின் பல மாதங்கள் இரைப்பு நீடிப்பது உண்டு.

மூன்றாவது, முன்பே உள்ள நோய் மிகுதல். இளமை முதல் இழுப்பு உள்ளவருக்குத் தூசியும் புகையும் வெப்பமும் நோயை அடிக்கடி தூண்டிவிடுகின்றன.

நம் ஊர்களின் தொழில்கள்

கதிரடிக்கும் களத்திலும், நெல் அரைவை ஆலையிலும், மக்காச்சோளம் உதிர்க்கும் இடத்திலும் எழும் தூசி வெறும் மண் அன்று. அதில் உமியின் நுண்துகள், பூசணத்தின் வித்துகள், சிற்றுயிர்களின் கழிவு, பாக்டீரியாக்களின் நச்சுப்பொருள் ஆகிய யாவும் கலந்துள்ளன. மாவு மில்லில் கோதுமை மாவும், மிளகாய், மல்லி அரைக்கும்போது எழும் நெடியும் நாள் முழுவதும் காற்றில் மிதக்கின்றன. ரொட்டிக் கடைகளில் மாவு பிசைவோருக்கு வரும் ஆஸ்துமா உலகெங்கும் அறியப்பட்ட தொழில்நோயாகும்.

ஆமணக்குக் கொட்டையின் தூசி சிறிதளவே ஆயினும் கடுமையான ஒவ்வாமை தரவல்லது. ஆமணக்குப் பிண்ணாக்கை உரமாகத் தூவும் விவசாயிகளும், அம்மூட்டைகளைத் தூக்குவோரும், அவை அடுக்கிய கிடங்குக்கு அருகில் குடியிருப்போரும் இதனை நினைவில் வைத்தல் நலம்.

நாமக்கல் வட்டாரத்துக் கோழிப்பண்ணைகளில் இறகுத் தூசியும், தீவனத் தூசியும், எருவிலிருந்து எழும் அம்மோனியாவும் ஒருங்கே சேர்கின்றன. கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் பட்டுப்புழு வளர்ப்போருக்கு அந்துப்பூச்சியின் சிறகுச் செதிளும், பட்டுநூல் எடுப்போருக்குக் கூட்டின் புரதமும் ஒவ்வாமை தருவதுண்டு. பொள்ளாச்சிப் பகுதியின் தென்னை நார் ஆலைகளில் நார்த்தூசி, திருப்பூர்ச் சாயப்பட்டறைகளில் பொடியாக நிறுக்கப்படும் சாயங்கள், தச்சுப் பட்டறைகளில் இழைப்பு எந்திரத்தின் மரத்தூள், வண்டிகளுக்கு ஸ்பிரே பெயிண்ட் அடிக்குமிடத்தில் ஐசோசயனேட் என்னும் வேதிப்பொருள் என ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு பொருள் உண்டு.

இங்கு ஒரு வேறுபாட்டையும் அறிதல் வேண்டும். கல்லுடைக்கும் இடங்களின் கற்றூசியால் வரும் சிலிக்கோசிஸ் ஆஸ்துமா அன்று. அது நுரையீரலையே இறுகச் செய்து, மீளமுடியாத தழும்பை உண்டாக்கும் வேறொரு நோய். பூசணம் பிடித்த வைக்கோலையும் கரும்புச் சக்கையையும் கையாண்ட சில மணி நேரத்திற்குப் பின் காய்ச்சலும் குளிரும் இருமலும் வருவது பிறிதொரு நோய். மூன்றிலும் மூச்சு வாங்கும்; மருத்துவம் வேறு வேறு. ஆகவே, மூச்சு இரைப்பவர் தாமாகவே ஒரு பெயரைச் சூட்டிக்கொண்டு மருந்து உண்ணுதல் கூடாது.

பஞ்சாலைத் தொழிலாளரின் ‘திங்கட்கிழமை நோய்’

பஞ்சு அரைவை ஆலைகளிலும் நூற்பாலைகளிலும், முக்கியமாகப் பஞ்சைப் பிரித்துச் சுத்தம் செய்யும் புளோரூம், கார்டிங் ஆகிய பகுதிகளில், பிசினோசிஸ் எனப்படும் மார்பு நோய் காணப்படுகிறது. இதன் அடையாளம் விசித்திரமானது. வார ஓய்வு முடிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளிலேயே மார்பு இறுக்கம் மிகுதியாக இருக்கும். அடுத்தடுத்த நாட்களில் குறையும். ஆதலால் ‘திங்கட்கிழமை நோய்’ என்ற பெயர் ஏற்பட்டது. வார விடுமுறை வேறு நாளில் வரும் ஆலையில், அதற்கு மறுநாளே அத்தொழிலாளியின் திங்கட்கிழமை ஆகும். ஆண்டுகள் பல செல்லும்போது இறுக்கம் எல்லா நாட்களிலும் தங்கிவிடுகிறது.

1923-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் தொழில்நோய்ப் பட்டியலில் பஞ்சுத் தூசியால் வரும் இந்நோய் பிற்காலத்தில் சேர்க்கப்பட்டது. 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் தொழில்நோய்க்கு இழப்பீடு உண்டு என்ற கொள்கையை ஏற்றுள்ளது. கிராமங்களிலிருந்து ஆலைப் பேருந்தில் ஏறிச் செல்லும் இளம் பெண்களும் அவர்களின் பெற்றோரும் இதனை அறிந்திருத்தல் அவசியம். இ.எஸ்.ஐ. அட்டை உடையவர்கள் மருத்துவரிடம் தம் பகுதியையும், வேலை செய்த ஆண்டுகளையும் கூறிக் குறிப்பேட்டில் எழுதச் செய்தல் நன்று. எழுத்தில் இல்லாத நோய் இழப்பீடு கோரும்போது நிலைநிற்பதில்லை.

ஊராட்சியே வேலை தருமிடத்தில்

பிறர் ஆலைகளைப் பற்றிப் பேசும் ஊராட்சி, தன்னிடம் உழைப்போரையும் நோக்க வேண்டும். குடிநீர்த் தொட்டியில் குளோரின் கலப்பவரும் தூய்மைக் காவலர்களும் நாள்தோறும் பிளீச்சிங் பவுடரைக் கையாள்கின்றனர். பொடியைக் காற்று வீசும் திசையை எதிர்நோக்கி நின்று கொட்டினால், அது முகத்திலும் மூக்கிலும் ஏறும். பிளீச்சிங் பவுடரையும் கழிப்பறை கழுவும் ஆசிட்டையும் சேர்த்தால், அக்கணமே குளோரின் வாயு வெளிப்படும். அது காற்றைவிட ஏறத்தாழ இரண்டரை மடங்கு கனமானது. ஆதலால் தாழ்ந்த இடத்திலும் மூடிய அறையிலும் தேங்கி நிற்கும். ‘இரண்டும் சேர்ந்தால் நன்றாக வெளுக்கும்’ என்ற தவறான எண்ணத்தால் மூடிய கழிப்பறையில் இவ்விரண்டையும் கலப்பவர் தம் மூச்சையே பணயம் வைக்கிறார்.

இதற்கு வேண்டிய ஒழுங்குகள் எளியவை. இரண்டு பொருள்களையும் ஒரே அலமாரியில் வைக்கலாகாது. பொடியை வெட்டவெளியில், காற்று முதுகுப்புறமிருந்து வீசுமாறு நின்று, வாளித் தண்ணீரில் சிறிது சிறிதாகக் கரைத்து, தெளிந்த நீரையே பயன்படுத்த வேண்டும். கையுறையும் கண்ணாடியும் கொடுக்கப்பட வேண்டும். குப்பைக்குத் தீ வைக்கும் வழக்கத்தை ஊராட்சி அறவே விட்டொழித்தல் வேண்டும். பிளாஸ்டிக் கலந்த குப்பையின் புகை, அதை எரிப்பவரையும் தெருவில் உள்ள குழந்தையையும் ஒருசேரத் தாக்குகிறது.

வீட்டில் காத்திருக்கும் புகையும் தூசியும்

ஆலையில் தூசியைச் சுவாசித்தவர் வீட்டிலாவது நல்ல காற்றைப் பெற்றால் நுரையீரலுக்கு ஓய்வு கிடைக்கும். பல வீடுகளில் அந்த ஓய்வும் இல்லை.

சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள், தமிழ்நாட்டின் 4 மாவட்டங்களில் 436 கிராமப்புற வீடுகளில் சமையற் புகையை அளந்து 2002-இல் வெளியிட்டனர். விறகு முதலியன எரிக்கும் வீடுகளில், சமைக்கும் நேரத்தில் ஒரு கன மீட்டர் காற்றில் 500 முதல் 2,000 மைக்ரோகிராம் வரை நுண்துகள் இருந்தது. சமைக்கும் பெண் ஒரு நாள் முழுவதற்கும் சராசரியாக 231 மைக்ரோகிராம் அளவுக்குப் புகையேற்றார்; எரிவாயு போன்ற தூய எரிபொருள் உள்ள வீட்டாருக்கு அது 82 அளவே. வயலில் களையெடுத்து வந்து அடுப்பின் முன் அமரும் பெண்ணும் ஒரு தொழிலாளியே. அவருக்கு அடுப்படியே இரண்டாம் தொழிலிடம்.

2016-ஆம் ஆண்டு மே முதல் நாள் தொடங்கப்பட்ட உஜ்வலா திட்டத்தினால் பல ஏழைக் குடும்பங்களுக்கு எரிவாயு இணைப்பு கிடைத்தது. ஆயினும் சிலிண்டரை விருந்தாளி வரும் நாளுக்கென ஒதுக்கி, அன்றாடம் விறகையே எரிக்கும் வீடுகள் இன்னும் உள்ளன. இரைப்பு நோயாளி உள்ள வீட்டிலேனும் எரிவாயுவை அன்றாடச் சமையலுக்குப் பயன்படுத்துதல் வேண்டும். இயலாதபோது, வெந்நீர் போடுவதையும் நெல் அவிப்பதையும் வெளி முற்றத்திற்கு மாற்றலாம். அடுப்புக்கு மேலே புகைபோக்கி வைக்கலாம். விறகை நன்கு உலர்த்தி எரிக்கலாம்.

கொசுவர்த்திச் சுருளைப் பலர் தீங்கற்றதென எண்ணுகின்றனர். ஒரு சுருள் எரிந்து தீரும்போது வெளிவரும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட்டுகள் எரிவதற்கு நிகரானது என்று 2003-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. கதவை மூடிச் சுருளைக் கொளுத்தும் அறையில் இரைப்பு நோயாளி உறங்குதல் எத்தகையது என்பதை இதனால் அறியலாம். கொசுவலையே சிறந்தது. வீட்டினுள் பீடி, சிகரெட் புகைப்பதும் அவ்வாறே விலக்கத்தக்கது.

பழைய பஞ்சு மெத்தையிலும் தலையணையிலும் கண்ணுக்குத் தெரியாத தூசிச் சிற்றுண்ணிகள் வாழ்கின்றன. உறையை வாரந்தோறும் வெந்நீரில் அலசி வெயிலில் உலர்த்துதல் பயன் தரும். ஒழுகும் கூரையும் ஈரச் சுவரும் பூசணத்தை வளர்க்கும். தானிய மூட்டை, பூச்சிமருந்து, உரம் ஆகியவற்றைப் படுக்கும் அறையில் அடுக்கலாகாது. வேலை முடித்து வருபவர் தூசி படிந்த உடையோடு குழந்தையைத் தூக்குவதும், அவ்வுடையைப் படுக்கையின் மேல் போடுவதும் ஆலையின் தூசியை வீட்டிற்குக் கொணர்வதாகும். உடையைத் திண்ணைக்கு வெளியே மாற்றி, கைகால் முகம் கழுவி உட்புகுதல் நம் முன்னோர் வழக்கமே. அதனை மீண்டும் கைக்கொண்டால் போதும்.

நோயைக் கண்டறிவது எவ்வாறு?

தொழிலால் வரும் இரைப்பை அறிய ஒரு நல்ல உரைகல் உண்டு. வேலை நாட்களில் மிகுந்து, விடுமுறை நாட்களிலும் வெளியூர் சென்ற நாட்களிலும் குறைகிறதா என்று கவனிக்க வேண்டும். சிலருக்கு வேலையிடத்தில் ஒன்றும் தோன்றாது. வீடு திரும்பிய பின்னரோ நள்ளிரவிலோ இருமல் தொடங்கும். ஆகவே ‘வேலையில் நன்றாகத்தானே இருந்தேன்’ என்பதைக் கொண்டு மட்டும் முடிவு செய்யலாகாது. மூக்கில் நீர் வடிதலும் கண் அரிப்பும் முதலில் வந்து, பின்னரே மூச்சு இரைப்பதும் உண்டு; அது முன்னெச்சரிக்கை.

ஊதும் வேகத்தை அளக்கும் ஒரு சிறு கருவி உள்ளது. மருத்துவர் கூறியபடி, வேலை நாட்களிலும் விடுமுறை நாட்களிலும் நாளொன்றுக்கு நான்கு முறை, சில வாரங்கள் ஊதிக் குறித்துவந்தால், தொழிலுக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பு தாளிலேயே தெரியும்.

காலம் தாழ்த்தாமை மிக முக்கியம். காரணமான பொருளிலிருந்து விரைவில் விலகியவருக்கு நோய் தணிய வாய்ப்பு மிகுதி. ஆண்டுக்கணக்கில் பொறுத்திருந்தால், வேலையை விட்ட பின்னும் இரைப்பு நிலைத்துவிடக்கூடும். கூலியை இழக்க அஞ்சி நோயை மறைப்பவர், முடிவில் கூலியையும் மூச்சையும் ஒருங்கே இழக்க நேரிடுகிறது. எனவே, நோயுற்றவரை வேலையினின்று நீக்காமல், தூசியற்ற பகுதிக்கு மாற்றித் தருவதே முதலாளியின் கடமையாகும்.

தடுக்கும் முறைகள்

தூசியைத் தடுப்பதில் ஒரு வரிசை முறை உண்டு. முதலில், தூசி எழாமலே செய்தல்: மூட்டையை உயரத்திலிருந்து கொட்டாமை, பொடிச் சாயத்திற்கு மாறாகக் கரைசலைப் பயன்படுத்துதல், கூட்டுமுன் தரையில் நீர் தெளித்தல் போன்றவை. அடுத்து, எழும் இடத்திலேயே பிடித்தல்: அரைவை எந்திரத்திற்கு மூடியும், தூசியை உறிஞ்சி வெளியேற்றும் விசிறிக் குழாயும் அமைத்தல். எதிரெதிரே சன்னல்கள் வைத்துக் காற்றோட்டம் தருதல் அதற்கடுத்தது. முகக்கவசம் கடைசி அரண்.

தோள் துண்டை மூக்கில் கட்டிக்கொள்வது பெருந்தூசியைத்தான் தடுக்கும். நோய் தரும் நுண்தூசி அதன் இழைகளுக்கிடையே புகுந்துவிடும். என்-95 வகைக் கவசம் முகத்தோடு நன்கு பொருந்தினால் நுண்துகளில் 100-க்கு 95 பங்கைத் தடுக்கும். ஆனால் குளோரின், அம்மோனியா போன்ற வாயுக்களை அது தடுக்காது. அழுத்தக் காற்றால் உடையையும் எந்திரத்தையும் ஊதித் துடைக்கும் பழக்கம் படிந்த தூசியை மீண்டும் மூக்கிற்கே அனுப்புவதால், அதனை நிறுத்துதல் வேண்டும்.

மருந்தைப் பற்றிய அச்சம்

‘இன்ஹேலர் பழகினால் விடாது’ என்ற அச்சம் கிராமங்களில் பரவலாக உள்ளது. இது தவறு. உறிஞ்சும் மருந்து மிகச் சிறிய அளவில் நேரே மூச்சுக்குழலைச் சென்றடைகிறது. அவற்றுள் குழல் வீக்கத்தைத் தணிக்கும் மருந்து நாள்தோறும் எடுக்கப்படுவது. நோய் அடங்கியது போலத் தோன்றினாலும் மருத்துவர் சொல்லாமல் நிறுத்தலாகாது. இறுக்கத்தை உடனே தளர்த்தும் மருந்தை மட்டும் மீண்டும் மீண்டும் எடுத்துவருவது, வீக்கத்தை உள்ளேயே வளரவிட்டு மேலே மூடிவைப்பதற்கு ஒப்பாகும். ஒரு வாக்கியத்தை முழுமையாகப் பேச முடியாமல் மூச்சு வாங்கினாலோ, உதடு நீலம் பூத்தாலோ, சற்றும் தாமதியாமல் 108 ஊர்தியை அழைத்தல் வேண்டும்.

ஊராட்சி உறுப்பினர் செய்யத்தக்கவை

மே முதல் நாள் தொழிலாளர் தினம்; நம் மாநிலத்தில் கிராம சபை கூடும் நாளும் அதுவே. அன்றைய கூட்டத்தில் ஊரிலுள்ள அரைவை ஆலை, நார் ஆலை, கோழிப்பண்ணை, பட்டறை ஆகியவற்றைப் பட்டியலிட்டு, அங்கு உழைப்போரின் மூச்சுநலத்தைப் பற்றிப் பேசலாம். ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரை அழைத்து, அவர்களுக்கென ஒரு நாள் பரிசோதனை நடத்தலாம். தூய்மைக் காவலர்களுக்குக் கையுறையும் கண்ணாடியும் கவசமும் வந்து சேர்ந்தனவா என்று உறுப்பினர்களே நேரில் பார்க்கலாம். பள்ளியின் அருகில் தூசி கக்கும் ஆலை இருப்பின், அதற்கு மறைப்பும் தூசி உறிஞ்சியும் அமைக்குமாறு உரிமையாளரைக் கேட்கலாம். இவற்றுள் பெரும்பாலானவற்றுக்குப் பெருநிதி தேவையில்லை, அக்கறையே தேவை.

உழவனின் தோளும் தொழிலாளியின் கையும் ஊரின் செல்வம் என்று கூறுகிறோம். அத்தோளும் கையும் இயங்குவது மூச்சினால். நெல்லுக்குக் களம் அமைப்பதிலும் நீருக்குத் தொட்டி கட்டுவதிலும் காட்டும் கருத்தை, உழைப்பவன் உள்ளிழுக்கும் காற்றின்பாலும் காட்டுவோமாக. இருமிக்கொண்டே வேலைக்குச் செல்லும் ஒருவரை அடுத்த முறை காணும்போது, “உமக்கு எந்த நாளில் மூச்சு நன்றாக இருக்கிறது?” என்று கேட்போம். “விடுமுறை நாளில்” என்று அவர் கூறுவாராயின், அவரை மருத்துவரிடம் அனுப்புவதோடு, அவர் உழைக்கும் இடத்தையும் சென்று பார்ப்பது நம் கடமை.